வீட்டிலேயே ஒரு கணினி - 9: ரேம் இருக்கிறது, வேகம் எங்கே?

போன வாரம் விண்டோஸ் போட்டு முடித்தோம். பெட்டி ஓடுகிறது. ஆனால் ஒரு கேமைத் திறந்தால் திக்கித் திணறுகிறது. உடனே ரிச்சி தெருவுக்குக் கிளம்பி இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கி வருவதுதான் பலரும் செய்வது. கொஞ்சம் பொறுங்கள். இருக்கிற ரேம் எந்த லட்சணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

உதாரணத்துக்கு ரைசன் 5 5600ஜி பிராசசர், நான்கு ஸ்லாட் உள்ள பி550 போர்டு, 8 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்4 ஸ்டிக் என்று வைத்துக்கொள்வோம். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஸ்டிக்கின் மேல் 3200 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டினால், வேகம் 2133 என்று காட்டும்.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். ரேம் தன்னைப் பற்றிய விவரங்களை எஸ்பிடி என்ற குட்டிச் சிப்பில் வைத்திருக்கிறது. அதில் எல்லா போர்டுக்கும் ஒத்துவரும் அடிப்படை வேகம் ஒன்று, ஸ்டிக்கரில் போட்ட வேகம் இன்னொன்று. நீங்கள் சொல்லாதவரை போர்டு அடிப்படை வேகத்திலேயே ஓட்டும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்து சேமியுங்கள். சில ஏஎம்டி போர்டுகளில் இதற்கு டிஓசிபி என்று பெயர். டிடிஆர்5 வந்த பிறகு எக்ஸ்போ.

அடுத்து ஸ்லாட். இதுதான் பெரிய திருட்டு, டாஸ்க் மேனேஜர் இதைக் காட்டிக்கொடுக்காது. நான்கில் இரண்டு ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எந்த இரண்டு என்று சொல்லாது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். சேனல் என்ற இடத்தில் ஒரே ஒரு சேனல்தான் என்று காட்டினால், இரண்டு ஸ்டிக்கையும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் சொருகியிருக்கிறீர்கள். (அதே பக்கத்தில் 3200க்குப் பதில் 1600 என்று தெரிந்தால் பதறாதீர்கள். அது பாதிக் கணக்கையே காட்டும்.) ரேஷன் கடையில் இரண்டு கவுன்டர் திறந்திருக்க, மொத்தக் கூட்டமும் ஒரே கவுன்டரில் நிற்கிற கதை இது.

பிராசசருக்கு அருகிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் சரியான ஸ்லாட்டுகள். போர்டில் ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கும். முதல் ஸ்லாட் ஏன் கூடாது? பல போர்டுகளில் தடம் முதல் ஸ்லாட்டைத் தொட்டுத்தான் இரண்டாவதுக்குப் போகிறது. கடைசி ஸ்லாட் காலியாக இருந்தால் அந்த முனையில் சிக்னல் மோதித் திரும்பி வந்து குழப்பும்.

கணக்குப் போட்டால் விஷயம் புரியும். 2133 வேகத்தில் ஒரு சேனல் விநாடிக்குச் சுமார் 17 ஜிபி கொண்டுபோகும். 3200இல் இரண்டு சேனலும் சேர்ந்தால் 51.2 ஜிபி. அதே இரண்டு ஸ்டிக், மூன்று மடங்கு வித்தியாசம்! 5600ஜியின் கிராஃபிக்ஸ் பகுதிக்குத் தனி மெமரி இல்லாததால் அடி நேராக கேமில்தான் விழும். தட்டச்சு, பிரவுசர் வேலைகளில் இதை நீங்கள் உணரக்கூட மாட்டீர்கள். அங்கேயும் இழுத்தால் பழியை ரேம் வேகத்தின் மேல் போடாதீர்கள். ரேம் நிரம்பி டிஸ்க் 100 சதவீதத்தில் திணறுகிறதா என்று பாருங்கள்.

16 போட்டேன், 14 ஜிபிதான் காட்டுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. மீதி 2 ஜிபியை கிராஃபிக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறது. சரிபாதி காணோம் என்றால்தான் கோளாறு. எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் பக்கத்து அட்வான்ஸ்டு ஆப்ஷனுக்குள் மேக்ஸிமம் மெமரி டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அப்படி இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்டிக்கைக் கழற்றித் திரும்ப அழுத்திச் சொருகுங்கள். தங்க முலாம் பூசிய முனைகளை ரப்பரால் தேய்ப்பது மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். பலன் தரும்; ஆனால் ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதுத் தலைவலி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியே மேல். அதற்கும் மசியவில்லை என்றால் பிராசசரைத் தூக்கி, பின் எதுவும் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பின் வளைந்தாலே ஒரு சேனல் மொத்தமாகப் போகலாம்.

எக்ஸ்எம்பி போட்ட அன்று இரவே மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவில் ஏற்றி ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் விடக்கூடாது. வேகத்தை 2933க்கு இறக்கிப் பாருங்கள். பிறகும் வந்தால் ஸ்டிக்குகளைத் தனித்தனியாகச் சோதித்து, குற்றவாளியை வாரன்டியில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ரேம் போதவில்லையா? பழைய ஜோடியோடு வேறு ரகத்தைச் சேர்க்காமல், ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் 16 ஜிபி ஸ்டிக்குகளாக வாங்குங்கள். பழையதை விற்க ரிச்சி தெருவிலேயே கடைகள் இருக்கின்றன.

(தொடரும்)