உங்களுக்குத் தெரியுமா? திரையில் எழுத்து மங்குவது ஏன்?

கணினித் திரையில் எழுத்து பொடியாயிருக்கிறதென்று அலுத்துக்கொண்டு ரெசொல்யூஷனைக் குறைத்துவிடும் வழக்கம் சர்வ சாதாரணமாக இருந்தபோதிலும், அதனால் எழுத்து பெரிதாவதோடு மங்கலும் ஆகிவிடுகிறது என்பதை அநேகர் கவனிப்பதில்லை. 1920 × 1080 புள்ளிகளைக் கொண்டு நிர்மாணிக்கப்பட்ட எல்.சி.டி. திரையை 1280 × 720-க்கு இறக்கும்போது, படத்தின் ஒவ்வொரு புள்ளியும் அகலத்திலும் உயரத்திலும் ஒன்றரைப் புள்ளியை நிரப்ப வேண்டியதாகிறது; அரைப் புள்ளி என்று ஒன்று திரையில் கிடையாதாகையால், அண்டைப் புள்ளிகளின் நிறங்களைக் கலந்து ஒப்பேற்றுவதைத் தவிர அதற்கு வேறு மார்க்கமில்லை. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள சூக்ஷ்மமான பேதம் இந்தக் கலப்படத்தில் எளிதில் கரைந்துபோகும்.

ஆகவே, விண்டோஸில் டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து, டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ‘ரெகமெண்டட்’ என்று குறித்திருக்கும் ரெசொல்யூஷனை அப்படியே விட்டுவிட்டு, ‘ஸ்கேல்’ என்பதை மாத்திரம் 125 அல்லது 150 சதவீதமாக்குவதே உத்தமம்.

மைக்ரோசாஃப்ட் 1998-இல் அறிவித்த கிளியர்டைப்போ இன்னும் நூதனமான யுக்தி: ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் அடங்கிய சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகளைத் தனித்தனியே இயக்கி எழுத்தின் விளிம்பைச் செதுக்குகிறது. ஸ்டார்ட் மெனுவில் அதன் பெயரைத் தட்டினால், மாதிரி வாசகங்களைக் காட்டி, எது தெளிவென்று நம்மையே தேர்ந்தெடுக்கச் சொல்லும். மூக்குக் கண்ணாடிக்காரர்கள் அதை அணிந்துகொண்டே தேர்ந்தெடுப்பது நலம்.