பனியைக் காணாத பிள்ளைக்குப் பனிக் கதை எதற்கு?

பனி கொட்டும் நாட்டுக் கதையை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லி என்ன பயன், அந்த நேரத்தில் நாலு எழுத்து எழுத வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஒரே ஒரு நூலை எடுத்துக்கொண்டு விளக்குகிறோம்.

எஸ்ரா ஜாக் கீட்ஸ் எழுதி, படமும் வரைந்த 'தி ஸ்னோயி டே' அமெரிக்காவில் 1962-இல் வெளிவந்தது. மறு ஆண்டே படநூலுக்கான கால்டெகாட் பதக்கம் பெற்றது. கறுப்பினப் பிள்ளையைக் கதையின் நாயகனாகப் பார்ப்பது அரிதாக இருந்த காலம் அது. இக்கதையின் நாயகன் பீட்டர் கறுப்பினச் சிறுவன்.

காலையில் எழுந்து பார்க்கிறான், தெருவெங்கும் வெண்பனி. நம் மார்கழிப் பனி போலன்று. குவியலாய்க் கிடக்கும் பனி. நாளெல்லாம் விளையாடிவிட்டு, ஓர் உருண்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறான். தூங்கும் முன் பார்த்தால் பை காலி.

இந்த இடத்தில் ஆசிரியை புத்தகத்தை மூடிவிட வேண்டும். "உருண்டை எங்கே போச்சு?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். "யாரோ எடுத்துட்டாங்க" என்று ஒரு பிள்ளை சொன்னாலும் உடனே மறுக்கக் கூடாது.

பிறகு ஒரே அளவான இரண்டு ஐஸ் கட்டிகள். ஒன்றைக் கிண்ணத்தில் திறந்து வையுங்கள். மற்றதைக் கனத்த கம்பளித் துணியில் நன்றாகச் சுற்றுங்கள். எது முதலில் கரையும்? கம்பளி சூடானது, அதற்குள் இருப்பதுதான் என்று பல பிள்ளைகள் சொல்லக்கூடும். அரை மணி கழித்துப் பிரித்தால், சுற்றி வைத்ததே பெரிதாக இருக்கும். கம்பளி தானாகச் சூடு தருவதில்லை; வெளிச்சூடு உள்ளே போவதைத் தாமதப்படுத்துகிறது. ஐஸ் பாளத்தின் மேல் மரத்தூள் கொட்டி மூடுவதும் இதற்காகத்தான். தாமதமாகுமே தவிர, கரைவது நிற்காது. பீட்டரின் பை காலியானதன் காரணத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

பீட்டர் கால்விரல்களை வெளியே திருப்பியும் உள்ளே திருப்பியும் நடந்து, தன் தடத்தைப் பார்க்கிறான். அதற்கு நம் பிள்ளைகளுக்கு ஈர மணல் போதும்.

கடைசியில், பார்த்ததைப் படமாக வரைந்து, கீழே 'ஐஸ்', 'நீர்' என்று எழுதச் சொல்லலாம். எழுத்துப் பயிற்சி குறையவில்லை; எழுத ஒரு விஷயமும் கிடைத்துவிட்டது.

வீட்டிலும் இதைச் செய்யலாம். சிறு பிள்ளைகள் ஐஸை வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். ஒருவர் பக்கத்திலேயே இருங்கள். உம்மாவும் வாப்பாவும் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: ஐஸ் கரையும் முன் விடையைச் சொல்லிவிடாதீர்கள்.