ஐந்தாவது ஆளுக்கு இடம் இல்லை!

ஒகேனக்கல்லில் ஒரு பரிசல் பயணம்

‘ஓ’ என்ற இரைச்சல்! பாறைகளுக்கு மேலே வெள்ளைப் புகை!

நெருப்பு எங்கும் இல்லை. ஆனாலும் புகைகிறது. எப்படி?

காவிரித் தண்ணீர் பாறையில் விழுந்து சிதறுகிறது. அந்தத் திவலைதான் புகை போலத் தெரிகிறது. கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. ‘கல்லு’ என்றால் பாறை. புகையும் பாறை! ஒகேனக்கல் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

தர்மபுரி நகரில் இருந்து சுமார் 46 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது ஒகேனக்கல். இக்கரை தமிழ்நாடு. அக்கரை கர்நாடகம்.

புதுப்பட்டி வேன்

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை. சிவகாசி பக்கம் உள்ள எம். புதுப்பட்டியில் இருந்து ஒரு வேன் புறப்பட்டது. இரவு முழுவதும் பயணம். 400 கிலோ மீட்டருக்கு மேல் ஓடி, காலையில் ஒகேனக்கல் வந்து சேர்ந்தது.

அதில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, அப்பத்தா, 2 பெண் குழந்தைகள். அப்பாவும் அம்மாவும் பட்டாசுத் தொழிலாளர்கள். ஆண்டு முழுவதும் மருந்தோடும் திரியோடும் பழகியவர்கள், அன்று தண்ணீரைப் பார்க்க வந்திருந்தார்கள்.

பரிசல் என்பது என்ன?

பரிசல் ஒரு பெரிய வட்டக் கூடை. மூங்கிலைப் பின்னிச் செய்வார்கள். அந்தக் காலத்தில் அதன் மேல் மாட்டுத் தோலைப் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தித் தார் பூசுகிறார்கள். ஒரே ஒரு துடுப்பு. ஒரே ஒரு ஆள் ஓட்டுகிறார்.

படகுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு. பரிசலுக்கு இரண்டும் கிடையாது. அதனால் பம்பரம் போலச் சுற்றும். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் கவிழ்ந்து விடும்!

“சின்னப் பிள்ளைதானே!”

ஒரு பரிசலில் 4 பேர்தான் ஏறலாம். புதுப்பட்டிக் குடும்பத்தில் 5 பேர்.

“சின்னப் பிள்ளைதானே அண்ணே! மடியில் வச்சுக்கிடுறோம்” என்றார் அப்பா.

“4 பேருக்கு மேலே ஏத்தக் கூடாதுங்க” என்றார் பரிசல் ஓட்டி.

“கூடக் காசு தாறோம்!”

அம்மாவுக்குக் கோபம் வந்து விட்டது.

“என்னங்க இது? நம்ம ஆலையில் ஒரு ரூமில் அஞ்சாவது ஆள் வந்து உட்கார்ந்தால் விடுவீங்களா? நீங்களே எந்திரிச்சுப் போன்னு சொல்லுவீங்க. அங்கே ஒரு நியாயம், இங்கே ஒரு நியாயமா?”

அப்பா வாய் திறக்கவில்லை. பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. விதியை மீறி ஆள் கூடினால், வெடிக்கும்போது சாவும் கூடும். அது அவருக்குத் தெரியாதா என்ன?

அதே வேனில் வந்த பக்கத்து வீட்டார் 3 பேர் வேறு பரிசலில் இருந்தனர். அப்பா அதில் போய் ஏறிக்கொண்டார். எல்லோரும் லைப் ஜாக்கெட் அணிந்தார்கள். அப்பத்தாவுக்குப் பேத்திதான் வாரை இழுத்துக் கட்டினாள்.

தலைமேல் பரிசல்

இரண்டு பக்கமும் சுவர் போலப் பாறை. நடுவே பரிசல் மெல்லச் சென்றது. வழியில் பாறைகள் குறுக்கிட்டன. எல்லோரும் இறங்கினார்கள். பரிசல் ஓட்டி பரிசலைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்! பின்னால் இவர்களும் கல்லிலும் மணலிலும் நடந்தார்கள். அப்பத்தா பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மறுபடியும் பரிசல். திரும்பியதும் எதிரே நீர்வீழ்ச்சி! முகத்தில் சாரல் அடித்தது. குழந்தைகள் கத்தினார்கள். எழுந்து நிற்கப் போன சின்னவளை அம்மா பிடித்து உட்கார வைத்தார்.

வெயிலிலும் வெள்ளம்

ஒகேனக்கல்லில் வெயில் அடிக்கும். ஆனால் வெள்ளம் வரும்! காரணம், மழை பெய்வது குடகு, வயநாடு மலைகளில். கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பினால் உபரி நீரைத் திறந்து விடுவார்கள். பிலிகுண்டுலுவில் அந்த நீரை அளக்கிறார்கள்.

2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் விநாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. 1 லட்சம் கன அடி என்றால், ஒவ்வொரு விநாடியும் 28 லட்சம் லிட்டருக்கு மேல்! அந்த நாட்களில் பரிசல் ஓட்டவும், குளிக்கவும் தடை போட்டு விடுவார்கள்.

தடை வந்தால் பரிசல் ஓட்டிக்குக் கூலி இல்லை. “எங்க ஊரிலும் மழை பெய்தால் பட்டாசு காயாது, வேலை இருக்காது” என்றார் அப்பத்தா. பரிசல் ஓட்டி சிரித்தார்.

போகிறவர்களுக்கு

புறப்படும் முன்பு, தடை உண்டா என்று கேளுங்கள். உரிமம் பெற்ற பரிசலில் மட்டும் ஏறுங்கள். லைப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். போட்டோ எடுக்க எழுந்து நிற்காதீர்கள்.

தடை போட்டிருந்தால், கரையில் நின்று பார்த்து விட்டுத் திரும்புங்கள். நீர்வீழ்ச்சி எங்கும் போய்விடாது. அடுத்த விடுமுறைக்கும் அங்கேதான் இருக்கும்!