வெயில் வராத வீட்டில் வளரும் ஜப்பான் பெரணி
இலைக்கு அடியில் புள்ளி வந்தால் பயம் வேண்டாம்

ஒண்டுக் குடித்தனம். ஒரே ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கிறது. துளசி வைத்தால் துவண்டு போகிறது. ரோஜா வைத்தால் மொட்டு விடுவதில்லை.

இப்படிப்பட்ட வீட்டிலும் பச்சைப்பசேல் என்று வளரும் செடி ஒன்று உண்டு. அதுதான் ஜப்பான் பெரணி. நர்சரியில் "ஹோலி பெர்ன்" என்று கேட்க வேண்டும். தாவர நூல்களில் அதன் பெயர் "சிர்டோமியம் பால்கேட்டம்".

பாறை இடுக்கில்

ஜப்பான், கொரியா, சீனா, தைவான் ஆகிய பகுதிகள் இதன் தாயகம். கடலோரப் பாறை இடுக்குகளிலும், ஓடைக் கரைகளிலும் தானாகவே முளைக்கிறது. உப்புக் காற்றையும் தாங்கும்.

பெரும்பாலான பெரணிகளின் இலை மெல்லியது. காற்று வறண்டால் ஓரம் கருகிவிடும். இதன் இலையோ தோல் போலத் தடிப்பானது. எண்ணெய் தடவியது போல் மினுமினுக்கும். அதனால்தான் வீட்டுக்குள்ளும் தாக்குப்பிடிக்கிறது.

சிற்றிலைகள் அரிவாள் போல் வளைந்திருக்கும். "பால்கேட்டம்" என்ற லத்தீன் சொல்லுக்கும் அதுதான் பொருள். செடி சுமார் 2 அடி உயரம் வளரும்.

தொட்டியில் வைக்கும் முறை

8 அங்குலத் தொட்டி போதும். அடியில் உள்ள துவாரத்தின் மேல் ஓட்டுத் துண்டு ஒன்றை வைக்க வேண்டும். செம்மண், மக்கிய இலை உரம், மணல் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பலாம்.

செடியின் நடுக்குருத்தை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது. புதைத்தால் அழுகிவிடும்.

நிழல் என்றால் இருட்டு அல்ல. பகலில் விளக்குப் போடாமல் பத்திரிகை படிக்க முடிகிற இடமாக இருக்க வேண்டும். உச்சி வெயில் நேராகப் பட்டால் இலை வெளுத்துவிடும்.

மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும். தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள், தொட்டியைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போவது நல்லது.

நோய் அல்ல, வித்துத்தூள்!

செடி நன்றாக வளர்ந்ததும் இலையைத் திருப்பிப் பார்த்தால், அடிப்பக்கம் முழுவதும் பழுப்புப் புள்ளிகள் தெரியும். பூச்சி விழுந்துவிட்டது என்று பயந்து மருந்து அடிப்பவர்கள் உண்டு. தொட்டியோடு தூக்கி எறிபவர்களும் உண்டு.

இரண்டும் வேண்டாம். பெரணி பூக்காது, காய்க்காது. அந்தப் புள்ளிகளில் இருக்கும் தூளில் இருந்துதான் புதுச் செடி உண்டாகிறது. புள்ளி வந்தால், செடி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

உண்மையான செதில் பூச்சி காம்பிலும், இலை நரம்பிலும் தாறுமாறாக ஒட்டியிருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும். நகத்தால் நெம்பினால் பெயர்ந்துவிடும். அதை ஈரத் துணியால் துடைத்து எடுத்தால் போதும்.

ஒன்று இரண்டாகும்

சில ஆண்டுகளில் தொட்டி நிறைந்துவிடும். மழைக்காலத் தொடக்கத்தில் செடியை வெளியே எடுத்து, வேரும் குருத்தும் இரண்டு பக்கமும் இருக்கும்படி கத்தியால் பிரித்து நடலாம். ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம்.