இருபது மீட்டரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு

ஜன்னலுக்குப் போடும் கண்ணாடியை நேருக்கு நேர் பார்த்தால் நிறமே தெரியாது. அதன் வெட்டிய விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் பச்சையாக இருக்கும். மணலோடு வந்து சேர்ந்த இரும்பின் வேலை அது. நாலைந்து மில்லிமீட்டரைக் குறுக்கே கடக்கும் ஒளியை அந்த இரும்பு ஒன்றும் செய்துவிடுவதில்லை. நீளவாக்கில் ஓரடி, இரண்டடி போக வேண்டிய ஒளியில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடுகிறது. 1960களில், கண்ணாடி இழை வழியே தொலைபேசிப் பேச்சை அனுப்பலாம் என்று நினைத்தவர்களை மறித்து நின்றதும் இதே மாசுதான்.

ஒளியிழை என்றதும் பலருக்குப் பள்ளிப் பாடப்புத்தகத்துப் படம் நினைவுக்கு வரும். குழாய்க்குள் ஒளிக்கதிர் மேலும் கீழும் மோதி மோதி முன்னேறும். பக்கத்தில் ‘முழு அக எதிரொளிப்பு’ என்று எழுதியிருக்கும். தத்துவம் சரிதான். ஒளிவிலகல் எண் கூடிய ஊடகத்திலிருந்து குறைந்த ஊடகத்துக்குப் போகும் ஒளி, எல்லையில் மாறுநிலைக் கோணத்தையும் தாண்டிச் சாய்ந்து விழுந்தால், வெளியே போக வழியின்றி முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடிகூட ஒவ்வொரு எதிரொளிப்பிலும் ஒளியில் கொஞ்சம் தின்றுவிடும். இங்கே இழப்பு இல்லை. இழையின் நடுவில் உள்ளகம், அதைச் சுற்றி உறை. இரண்டும் கண்ணாடிதான். தொலைதூர இழைகளில் உள்ளகத்தின் ஒளிவிலகல் எண், உறையைவிட நூற்றில் அரைப் பங்குகூட அதிகம் இருக்காது. ஒளியைக் கட்டிவைக்க அந்தச் சிறு வேறுபாடு போதும்.

இந்தத் தத்துவம் மட்டும் போதுமென்றால் நம் தாத்தாக்கள் காலத்திலேயே ஒளியிழையில் தொலைபேசி வந்திருக்கும். 1841-ல் ஜெனீவாவில் டேனியல் கொலாடன், பீய்ச்சி விழும் நீர்த்தாரைக்குள் ஒளியைச் செலுத்தி, தாரை வளையும் போக்கிலேயே ஒளியும் போவதைக் காட்டினார். 1854-ல் லண்டனில் ஜான் டிண்டாலும் அதைச் செய்துகாட்டினார். சரியாக நூறாண்டு கழித்து, பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரால்டு ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தை அனுப்பியதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார். இரைப்பைக்குள் விட்டுப் பார்க்கும் வளையும் எண்டோஸ்கோப் அந்தத் தடத்தில் வந்தது. 2009-ன் இயற்பியல் நோபலில் கபானியின் பெயர் இல்லை என்ற ஆதங்கம் இந்தியாவில் இன்றும் உண்டு. அவர் பங்கு பெரிது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பரிசு விடை கண்ட கேள்வி வேறு. மருத்துவருக்கு ஒரு மீட்டர் இழை போதும். ஊருக்கு ஊர் பேசவேண்டும் என்றால் ஒளி பல கிலோமீட்டர் உயிரோடு போய்ச் சேர வேண்டும். என் பார்வையில், ஒளியிழைத் தொடர்பின் உண்மையான வரலாறு கண்ணாடியைச் சுத்தம் செய்த வரலாறு.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் சார்லஸ் காவ். ஷாங்காயில் பிறந்து, இங்கிலாந்தின் ஹார்லோவில் தொலைபேசி ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தவர். அங்கே ஒளி இழப்பை டெசிபலில் அளந்தார்கள். 10 டெசிபல் இழந்தால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். 20 டெசிபல் இழந்தால் நூற்றில் ஒன்று. அன்றைய நல்ல கண்ணாடி இழை கிலோமீட்டருக்குச் சுமார் 1000 டெசிபல் இழந்தது. அதாவது 20 மீட்டர் போவதற்குள் ஒளி நூற்றில் ஒரு பங்காகிவிடும். ஒரு கிலோமீட்டர் முடிவில் மிஞ்சுவதை எழுத வேண்டுமென்றால் தசமப் புள்ளிக்குப் பிறகு 99 சுழி போட்டு, அதன்பின் ஒன்று போட வேண்டும்.

இந்த எண்ணைப் பார்த்தவர்கள் கண்ணாடியைக் கைவிட்டார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உலோகக் குழாய்க்குள் மில்லிமீட்டர் அலைகளை அனுப்பும் திட்டத்தில் மும்முரமாக இருந்தது. காவ் வேறு கேள்வி கேட்டார்: இந்த இழப்பு கண்ணாடியின் சுபாவமா, அதில் கலந்திருக்கும் அழுக்கின் குணமா? 1966-ல் அவரும் ஜார்ஜ் ஹாக்கமும் எழுதிய கட்டுரை, குற்றவாளி மாசுதான் என்றது. இரும்பு போன்ற உலோக அயனிகளை நீக்கினால் கிலோமீட்டருக்கு 20 டெசிபல் வரை இறங்கலாம். அது போதும், தொலைபேசிக்கு ஒளியிழை கட்டுபடியாகும் என்பது அவர்கள் கணக்கு. பின்னர் தூய சிலிக்காவை அளந்து பார்த்து, இழப்பு அதைவிடவும் குறைவாக இருப்பதைக் காட்டினார் காவ். கையில் பொருள் இல்லாத நேரத்தில், இயற்கை இதைத் தடுக்கவில்லை என்று அளந்து சொன்ன அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன். நோபல் வந்தபோது அவருக்கு அல்சைமர் நோய் முற்றியிருந்தது. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் உரையாற்றியவர் மனைவி குவென்.

20 டெசிபல் எல்லையை 1970-ல் தாண்டியது அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம். ராபர்ட் மாரர், டொனால்டு கெக், பீட்டர் ஷுல்ட்ஸ் மூவரும் உருவாக்கிய இழையில் இழப்பு 17 டெசிபல். வழக்கமான கண்ணாடிக்காரர்களின் வழியை அவர்கள் பின்பற்றவில்லை. மணலை உருக்கினால் மணலின் மாசும் வரும், உருக்கும் பாத்திரத்தின் மாசும் வரும். ஆகவே ஆவியிலிருந்தே கண்ணாடியைப் படியவைத்தார்கள். சிலிக்கன் டெட்ராகுளோரைடு 58 டிகிரி செல்சியஸுக்குள் கொதித்துவிடும் திரவம். இரும்பு குளோரைடு ஆவியாக 300 டிகிரிக்கு மேல் வேண்டும். முன்னதைக் காய்ச்சி வடித்தால் இரும்பு கீழேயே தங்கிவிடும். சுத்தமான அந்த ஆவியை ஆக்ஸிஜனோடு சூடாக்கினால் சிலிக்கா நுண்துகளாகப் படியும். உள்ளகத்துக்கு மட்டும் கொஞ்சம் ஜெர்மானியம் சேர்ப்பார்கள். இப்படி உருவாகும் தடித்த கண்ணாடித் தண்டை உயரமான கோபுரத்தில் தொங்கவிட்டு, 2000 டிகிரியை ஒட்டிய உலையில் இளக்கி, கீழே இழுத்தால் இழை. குறுக்களவு 125 மைக்ரான், தலைமுடியை ஒத்த பருமன். ஒளி போகும் உள்ளகம் அதிலும் 9 மைக்ரான்தான். இவ்வளவு ஒடுங்கிய இடத்தில் பாடப்புத்தகத்தின் மோதி மோதிப் போகும் கதிர் பொருந்தாது; ஒளி ஒரே அலையாகச் செல்கிறது. பல பாதைகள் இருந்தால் ஒரே துடிப்பு முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்து குழம்பும். ஒற்றைப் பாதையில் அந்தக் குழப்பம் இல்லை.

1979-ல் ஜப்பானியர்கள் 0.2 டெசிபலை எட்டினார்கள். நூற்றில் ஒரு பங்காகக் குறைய ஒளிக்கு 20 மீட்டர் போதுமாயிருந்த இடத்தில், இப்போது 100 கிலோமீட்டர் வேண்டும். இதற்கு நிறமும் முக்கியம். அலைநீளம் குறையக் குறையக் கண்ணாடியில் ஒளி அதிகம் சிதறும். வானம் நீலமாக இருப்பதற்கும் அந்த ராலே சிதறலே காரணம். அலைநீளம் மிகவும் கூடினால் சிலிக்காவின் அணுப் பிணைப்புகளே ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில், 1550 நானோமீட்டர் அருகே, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் இழப்பு மிகக் குறைவு.

இனி வருவதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். 100 கிலோமீட்டர் போன ஒளிக்கு மறுபடி தெம்பூட்ட வேண்டும். 1988-ல் அட்லாண்டிக்கில் போட்ட முதல் ஒளியிழைக் கேபிளான டாட்-8, வழியிலுள்ள பெட்டிகளில் ஒளியை மின்சாரமாக மாற்றி, மறுபடி ஒளியாக்கியது. ஒரே நேரத்தில் 40,000 பேர் பேசலாம். 1956-ன் முதல் அட்லாண்டிக் தொலைபேசிக் கேபிளில் 36 பேர்தான். ஆனால் அந்தப் பெட்டிகளின் வேகத்தைக் கேபிளின் வேகம் மிஞ்ச முடியாது. இதற்குள், 1987-ல், சவுத்தாம்ப்டனில் டேவிட் பெய்ன் குழுவினர் எர்பியம் என்ற அருமண் தனிமத்தை இழையில் கலந்து, வேறொரு லேசரால் அதற்கு ஆற்றல் ஊட்டினார்கள். அதன் வழியே போகும் ஒளி, ஒளியாகவே பெருகி வெளிவந்தது. எர்பியம் எந்த அலைநீளத்தில் பெருக்குகிறது தெரியுமா? அதே 1550-ஐ ஒட்டி. சிலிக்காவின் தெளிவுக்கும் எர்பியத்தின் எலக்ட்ரான்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பல அலைநீளங்களை ஒன்றாகப் பெருக்கலாம் என்பதால், ஒரே இழையில் எண்பது, நூறு அலைநீளங்களை ஏற்றி, ஒவ்வொன்றிலும் தனித்தனித் தகவலை அனுப்ப முடிந்தது. இன்றைய இணையம் இந்தத் தற்செயலின் மேல் நிற்கிறது.

இதனால் யாருக்கு என்ன மாறியது என்பதற்குச் சென்னையிலிருந்தே உதாரணம் உண்டு. 2020 ஆகஸ்ட் 10-ல் சென்னை–அந்தமான் நிக்கோபார் கேபிள் இயங்கத் தொடங்கியது. சுமார் 2,300 கிலோமீட்டர். அன்று போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீவிஜயபுரம், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் உள்ளிட்ட தீவுகளை அது இணைக்கிறது. அதுவரை தீவுவாசிகள் செயற்கைக்கோளை நம்பியிருந்தார்கள். 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்க சமிக்ஞைக்குக் கால் நொடி ஆகும். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும் என்றாலும், சென்னையிலிருந்து அங்கே போக நொடியில் நூற்றில் ஒரு பங்கை ஒட்டிய நேரமே பிடிக்கும். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே நொடிக்கு 400 ஜிகாபிட் என்று அளவு வைத்தார்கள். ஆழ்கடலில் இத்தகைய கேபிள் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் அளவுக்குத்தான் இருக்கும். உள்ளே ஒருசில இழைகள், அவற்றைச் சுற்றி எஃகு, பெருக்கிகளுக்குப் பல ஆயிரம் வோல்ட் கொண்டுபோக ஒரு தாமிர உறை.

நங்கூரம் இழுத்தோ, சாலை தோண்டும்போதோ இழை அறுந்தால், இடத்தைக் கண்டுபிடிக்க உதவுவது ராலே சிதறல். காவ் காலத்திலிருந்து பொறியாளர்கள் குறைக்கப் போராடிய அதே சிதறல். ஒரு முனையில் குறுகிய ஒளித்துடிப்பை விட்டால், வழிநெடுகச் சிதறுவதில் மிகச் சிறு பங்கு அதே முனைக்குத் திரும்பி வரும். அறுந்த இடத்தோடு அது நின்றுவிடும். ஒளி போய்த் திரும்ப வேண்டும் என்பதால் ஒரு மைக்ரோநொடிக்கு 100 மீட்டர் என்று கணக்கிட்டு, எந்த இடம் என்று ஓடிடிஆர் கருவி சொல்லிவிடும். தெருவோரத்தில் வேனை நிறுத்திவிட்டு, சிறு பெட்டிக்குள் குனிந்து வேலை செய்கிற ஃபைபர்காரர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். இரண்டு இழைமுனைகளை நேராக வெட்டி, உள்ளகத்தோடு உள்ளகம் பொருத்தி, மின்பொறியால் உருக்கி ஒட்டுகிறார்கள். ஸ்பிளைசிங் என்பார்கள். நன்றாக அமைந்தால் அந்த ஒட்டில் இழப்பு 0.1 டெசிபலுக்கும் குறைவு, அரைக் கிலோமீட்டர் கண்ணாடியில் ஒளி இழப்பதைவிடக் குறைவு.