கடிக்கிற ஷூவும் மெம்ரிஸ்டரும்

ஆம்பூர்ல புது லெதர் ஷூ வாங்கிப் போட்டவங்களுக்குத் தெரியும்: முதல் ரெண்டு நாள் கடிக்கும். நடக்க நடக்கக் காலுக்குப் பழகிடும். கழட்டி வச்சாலும் அந்த வடிவம் போகாது. இந்தக் குணம் உள்ள ரெசிஸ்டர்தான் மெம்ரிஸ்டர்.

வோல்டேஜ், கரண்ட், சார்ஜ், ஃப்ளக்ஸ்: சர்க்யூட்ல அளவுகள் நாலு. வோல்டேஜையும் கரண்டையும் ரெசிஸ்டர் இணைக்குது. சார்ஜையும் வோல்டேஜையும் கெபாசிட்டர். ஃப்ளக்ஸையும் கரண்டையும் இண்டக்டர். அப்போ ஃப்ளக்ஸையும் சார்ஜையும் இணைப்பது எது? 1971-ல் இந்தக் கேள்வியைக் கேட்ட லியோன் சுவா, அந்த நாலாவது உறுப்புக்கு மெம்ரிஸ்டர் என்று பெயர் வைத்தார். அது வழியாக இதுவரை எவ்வளவு சார்ஜ் போயிருக்கு என்பதைப் பொறுத்து அதன் ரெசிஸ்டன்ஸ் மாறும். பவரை நிறுத்தினாலும் மாறிய மதிப்பு அப்படியே நிற்கும்.

37 வருஷம் அது பேப்பரில்தான் இருந்தது. 2008-ல் எச்பி ஆய்வகத்தில் ஸ்டான்லி வில்லியம்ஸ் குழு, டைட்டானியம் டை ஆக்ஸைடு படலத்தில் அதைச் செய்து காட்டியது. வோல்டேஜ் கொடுத்தால் படலத்துக்குள் ஆக்ஸிஜன் இல்லாத காலியிடங்கள் நகரும், ரெசிஸ்டன்ஸ் மாறும். சுவா சொன்னது இதுதானா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

சரி, இதனால என்ன லாபம்? இன்றைய கம்ப்யூட்டரில் மெமரி ஒரு இடம், பிராசஸர் வேறு இடம். டேட்டாவைத் தூக்கிட்டு அலையறதுலயே நிறைய நேரமும் மின்சாரமும் போயிடுது. மெம்ரிஸ்டர்களைக் குறுக்கும் நெடுக்குமாக வலை போல அடுக்கி, வரிசைகளில் வோல்டேஜ் கொடுங்க. ஓம் விதி பெருக்கும். கிர்ச்சாஃப் விதி ஒவ்வொரு பத்தியிலும் கரண்டைக் கூட்டும். மேட்ரிக்ஸ் பெருக்கல் அங்கேயே முடிஞ்சது! ஏஐ கணக்குகளில் பெரும்பங்கு இந்தப் பெருக்கல்தானே?

இதில் பெரிய செய்தி நம்ம பக்கத்து ஊரிலிருந்தே வந்தது. 2024-ல் பெங்களூரு ஐஐஎஸ்சி-யில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமி குழு, ஒரே மூலக்கூறுப் படலத்தில் 16,500 நிலைகளைச் சேமித்துக் காட்டியது. சாதாரண பிட்டுக்கு இருப்பது ரெண்டே நிலை. இது 14 பிட்டுக்குச் சமம். 2-இன் அடுக்கு 14 போட்டுப் பாருங்க, 16,384 வரும்.

சிக்கலும் இருக்கு. ஒரே மாதிரி செய்த ரெண்டு மெம்ரிஸ்டர் ஒரே மாதிரி நடந்துக்காது. திரும்பத் திரும்ப எழுதினால் தேயும். அதைச் சரி பண்ற வேலை இன்னும் பாக்கி.

அது முடிஞ்சா, வாணியம்பாடி தோல் ஷெட்டில் கீறலையும் ஓட்டையையும் கண்டுபிடிக்கிற கேமராவுக்குள்ளேயே முழுக் கணக்கும் நடக்கலாம், இன்டர்நெட்டே வேண்டாம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுறவங்க யோசிங்க. மெம்ரிஸ்டர் கையில் கிடைக்கலைன்னாலும் ஆப்-ஆம்ப் வச்சு எமுலேட்டர் கட்டலாம். ஓசிலாஸ்கோப்பில் எட்டு வடிவ வளைவு வந்தா, நீங்க சரியான வழியில்தான் போறீங்க!