நமக்கு நாமே வழங்கும் பரிசு

பெருநாள் காசில் உடுப்பு வாங்குகிறோம். ஒரு நூலும் வாங்கலாமே!

எட்டு வயதுக்குச் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்கள் இனிக்கும். பதின்மூன்று வயதுக்கு ஆன் பிராங்கின் நாட்குறிப்பு பொருந்தும். அவளும் 1942இல் தன் பதின்மூன்றாவது பிறந்த நாளில் எழுதத் தொடங்கியவளே.

உயர்தரம் படிக்கும் நான் இவ்வருடம் எனக்கென வாங்கியது, சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட ‘அசன்பேயுடைய கதை’. ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படுவது அது. அதை எழுதியவர் நம் சமூகத்தவர் என்பதில் பெருமை கொண்டேன்.

ஆனால், எனக்கு முன்பே உம்மா அதை வாசித்து முடித்திருந்தார். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர் அவர். “எனக்கெண்டு ஒரு புத்தகமும் நான் வாங்கினதில்ல மகள்” என்றார்.

பெற்றோரே, அடுத்த பெருநாளில் உங்களுக்கும் ஒன்று வாங்குங்கள். நாற்பதும் வாசிக்கும் வயதுதான்.